நியாயாதிபதிகளை நியமிப்போர் யாவர்?

வழக்கு என்று ஒன்று வந்துவிட்டால், வாதியும் பிரதிவாதியும் முதற்கண் விசாரிப்பது அஃது எந்த நியாயாதிபதியின் முன் வருகின்றது என்பதேயாகும். அவர் பொறுமையாய்க் கேட்பவரா, முன்கோபியா, கை சுத்தமுள்ளவரா என்றெல்லாம் வக்கீல் குமாஸ்தாவைத் துருவித் துருவிக் கேட்போம். ஆனால் அவரை அவ்வாசனத்தில் அமர்த்தியவர் யாவர், அமர்த்தியவருக்கே அவரை எழுப்பிவிடும் அதிகாரமும் உண்டோ என்று கேட்பவர் நம்முள் மிகச் சிலரே. சிந்திக்குமிடத்து, இக்கேள்வியே ஏனையவற்றினும் முற்பட்டதென்பது புலனாகும். ஜனநாயக நாடுகள் இதற்கு வெவ்வேறு விடை கண்டிருக்கின்றன. அவ்விடை ஒவ்வொன்றும் அந்நாட்டார் ஒரு காலத்திற் பட்ட அல்லலின் தழும்பாகவே அமைந்திருப்பதை, நம் சங்கத்து அன்பர்களுக்கும், சிறப்பாக நியாயசாஸ்திரம் பயிலும் நம் இளைஞருக்கும் சரித்திர வாயிலாக எடுத்துக்காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கமாம்.

முதலில் இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். மற்றை நாடுகள் பலவும் இவ்விஷயத்தில் அதனைப் பின்பற்றியோ, அதனோடு பிணங்கியோ தம் வழியை வகுத்துக்கொண்டன. முற்காலத்தில் அந்நாட்டு நியாயாதிபதிகள் அரசனுடைய ஊழியராகவே கருதப்பட்டனர். பெரும்பாலும் அரசனுக்கு விருப்பமுள்ள வரையிலேயே அவர்களுக்கு உத்தியோகம். விருப்பம் மாறினால் மறுநாள் வீடு. இதனால் விளைந்த கேட்டிற்கு 1616-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்றே போதிய சான்றாகும். முதலாம் ஜேம்ஸ் மன்னர் திருச்சபை மானியம் ஒன்றை ஒரு பிஷப்புக்கு அளித்திருந்தார். அவ்வாறு அளிக்க மன்னருக்கு உரிமையுண்டோ என்பது வழக்காயிற்று. தம்மைக் கலந்துகொள்ளும் வரையில் விசாரணையை நிறுத்திவைக்கும்படி மன்னர் சொல்லியனுப்பினார். நியாயாதிபதிகள் பன்னிருவரும், அங்ஙனம் நிறுத்துதல் சட்டத்திற்கு மாறானதென்று கையொப்பமிட்டு மறுமொழி விடுத்தனர். மன்னர் அவர்களைத் தம் சமுகத்திற்கு வரவழைத்தார். முழந்தாளிட்டிருந்த அவர்களை நோக்கி, இனி அரசன் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா என்று வினவவே, பதினொருவர் நிறுத்துவோம் என்றனர். ஸர் எட்வர்டு கோக் ஒருவர் மட்டும், அத்தகைய வழக்கு வருங்கால் ஒரு நியாயாதிபதி செய்யத்தக்கது எதுவோ அதனைச் செய்வேன் என்று விடையிறுத்தார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அவர் பிரதம நியாயாதிபதி பதவியினின்றும் நீக்கப்பட்டார்.

அப்பதினொருவரை நாம் எளிதில் இகழ்ந்துவிடலாம். ஆனால் அவர்களும் மனைவி மக்களைப் பெற்ற குடும்பஸ்தரே. முன்பு ஒருமுறை துணிந்து கையொப்பமிட்டவர்களே. ஒரு மனிதனுடைய ஜீவனம் மற்றொருவனுடைய முகக்குறிப்பைப் பொறுத்திருக்குமாயின், அவனிடம் வீரத்தை எதிர்பார்ப்பது ஒன்று. அவ்வீரத்தையே நம்பி ஒரு தேசத்தின் நீதியை ஒப்படைப்பது வேறொன்று.

ஜேம்ஸ் மன்னரின் பேரரான இரண்டாம் ஜேம்ஸ் இவ்வழியில் இன்னும் ஒருபடி மேற்சென்றார். பார்லிமெண்டு இயற்றிய சட்டத்தினின்றும் தமக்கு வேண்டியவர்க்கு விலக்களிக்கும் உரிமை தமக்குண்டென்று ஸ்தாபிக்க விரும்பி, நியாயாதிபதிகளின் அபிப்பிராயத்தை முன்கூட்டியே கேட்டறிந்து, இசையாதவரை நீக்கி, அவ்விடங்களில் வேறு மனிதரை இருத்திய பின்பே 1686-இல் வழக்கை நடத்தச் செய்தார். தீர்ப்பு எப்படியிருந்திருக்குமென்று சொல்ல வேண்டுவதில்லை. 1688-இல் ஏழு பிஷப்புமார் மீது அவர் தொடுத்த வழக்கில் ஜூரிகள் குற்றமில்லையென்று கூறிவிட்டனர். அவ்வழக்கில் பிஷப்புமார் பக்கம் நியாயமிருப்பதாகப் பேசிய ஹாலோவே, பவல் என்னும் நியாயாதிபதிகள் இருவரும் உடனே வேலையிழந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள் மன்னரும் நாட்டைவிட்டு ஓடினார்.

இப்பாடங்களைக் கற்ற ஆங்கிலேயர் 1701-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தனர். அரியணை யாருக்கு உரியதென்பதை நிர்ணயிக்க எழுந்த அச்சட்டத்திலேயே, நியாயாதிபதிகள் நன்னடத்தையுள்ள வரையில் பதவியிலிருப்பர் என்றும், அவர்தம் சம்பளம் நிலையாக வரையறுக்கப்படும் என்றும், பார்லிமெண்டின் இரு சபைகளும் விண்ணப்பித்தாலன்றி அவர்களை நீக்கலாகாதென்றும் விதித்தனர். 1714-இல் ஹனோவர் வமிசத்தார் பட்டத்திற்கு வந்தபோது இவ்விதி அமலுக்கு வந்தது. இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. அவர்கள் நியமிக்கும் கையைக் கட்டவில்லை. நீக்கும் கையையே கட்டினர். அதன்பின் முந்நூறு ஆண்டுகள் நியமனம் அரசாங்கத்தாரிடமே, அதாவது மன்னர் பெயரால் மந்திரிகளிடமே இருந்துவந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லார்டு சான்ஸலராயிருந்த ஹால்ஸ்பரி பிரபு தம் கட்சிக்காரருக்குப் பதவி கொடுத்தாரென்று பலமான குறை எழுந்ததும் உண்டு. ஆயினும், ஒருமுறை அமர்ந்தவரை அசைக்க முடியாமையின், கட்சி வழியாக வந்தவர்களும் கட்சிக்குக் கடன்பட்டு நிற்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதொழிந்தது. இரு சபைகளின் விண்ணப்பத்தால் இதுவரை நீக்கப்பட்டவர் ஒரே ஒருவர். கோர்ட்டுப் பணத்தைக் கையாடியதற்காக 1830-இல் நீக்கப்பட்ட அயர்லாந்து நியாயாதிபதி ஸர் ஜோனா பாரிங்டன் என்பவர்.

2005-ஆம் ஆண்டின் சட்டத்தாற்றான் நியமிக்கும் கைக்கும் அங்கே வரம்பு வந்தது. இப்பொழுது பதினைந்து அங்கத்தினர் கொண்ட கமிஷன் ஒன்று விண்ணப்பங்களை வரவழைத்துத் தகுதியாளரைத் தெரிந்தெடுக்கிறது. அதன் தலைவர் வக்கீலாகவோ நியாயாதிபதியாகவோ இருத்தல் கூடாதென்பது விதி. தொழிலாளர் தம் தொழிலையே காப்பர் என்னும் ஐயம் அவர்களுக்கும் இருந்ததுபோலும்.

நிற்க. இங்கிலாந்து தன் வீட்டில் ஏற்படுத்திக்கொண்ட இப்பாதுகாப்பைத் தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கு நல்கவில்லை என்பதையும் சொல்லாமல் விடலாகாது. 1861-ஆம் ஆண்டின் சட்டப்படி, மறு ஆண்டில் சென்னை முதலிய நகரங்களில் ஏற்பட்ட ஹைக்கோர்ட்டுகளின் நியாயாதிபதிகள், மகாராணியாருக்கு விருப்பமுள்ள வரையில் பதவி வகிப்பவர்களாகவே வைக்கப்பட்டனர். கோக்கின் காலத்து வாசகமே கடல் கடந்து நமக்கு வந்ததென்க. 1935-ஆம் ஆண்டின் சட்டத்திலேதான் இது மாறியது. அமெரிக்கக் குடியேற்ற நாட்டார்க்கும் முற்காலத்தில் இதே குறை இருந்தது. 1776-இல் அவர்கள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தில், நியாயாதிபதிகளின் உத்தியோகக் காலத்தையும் சம்பளத்தையும் மன்னர் தம் இச்சை ஒன்றையே சார்ந்திருக்கச் செய்தாரென்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

ஆகவே 1787-இல் பிலடெல்பியா நகரிற் கூடிய மகாசபையில், நீக்கும் விஷயத்தில் பெரிய தகராறு எழவில்லை. நன்னடத்தையுள்ள வரையில் பதவி என்பது எளிதில் முடிவாயிற்று. நியமிப்பவர் யார் என்பதிலேதான் பல வாரங்கள் கழிந்தன. சட்டசபையே நியமிக்கட்டும் என்றனர் சிலர். ஜனாதிபதி ஒருவரே நியமிக்கட்டும் என்றனர் வேறு சிலர். முதிர்ந்த வயதினரான பெஞ்சமின் பிராங்க்ளின் எழுந்து, ஸ்காத்லாந்தில் வக்கீல்களே நியாயாதிபதியைத் தெரிந்தெடுப்பதாகவும், அவர்கள் எப்பொழுதும் தம்முள் மிக்க சமர்த்தரையே தெரிந்து அனுப்புவதாகவும், அவர் போய்விட்டால் அவருடைய கட்சிக்காரரைத் தாம் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதே காரணமென்றும் வேடிக்கையாகச் சொன்னாராம். இதனை மாடிஸன் தம் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். முடிவில், ஜனாதிபதி பெயர் கூறுவது, ஸெனட் சபை சம்மதிப்பது என்று உடன்பாடு ஏற்பட்டது.

ஸெனட் சபையின் சம்மதம் என்பது வெறுஞ் சடங்கன்று. 1795-ஆம் ஆண்டிலேயே பிரதம நியாயாதிபதியாகக் குறிக்கப்பட்ட ஜான் ரட்லெட்ஜை அச்சபை நிராகரித்தது. 1916-இல் லூயி பிராண்டைஸ் என்பார் குறிக்கப்பட்டபோது விசாரணை நான்கு மாதங்கள் நீடித்தது. அவர் பெருந்தனவந்தரோடு வழக்காடியவர் என்பது வெளிப்படையான ஆக்ஷேபம். யூத மரபினர் என்பது பலர் மனத்திலிருந்த ஆக்ஷேபம். இறுதியில் 47 வோட்டுக்கு 22 என்ற கணக்கில் அவர் வென்று, அந்நாட்டின் மிகச்சிறந்த நியாயாதிபதிகளுள் ஒருவராய் விளங்கினார். ஆனால் அண்மைக் காலத்தில் இச்சம்மத முறை கட்சிப் போராகவே முடிந்துவிட்டது. 2016-இல் ஜனாதிபதி ஒபாமா குறித்த மெரிக் கார்லண்டுக்கு எதிர்க்கட்சிப் பெரும்பான்மையினர் விசாரணையே அளிக்கவில்லை. ஆயுட்காலப் பதவியாதலின், ஒவ்வோர் இடமும் முப்பதாண்டு ராஜ்யம்போல் மதிக்கப்படுகின்றது. நீக்கும் கையை முற்றும் கட்டிவிட்டால், போராட்டம் முழுவதும் வாயிற்படியிலேயே நிகழும் என்பதற்கு இஃது உதாரணம்.

அமெரிக்க ராஜ்யங்களுள் பல வேறு வழி சென்றன. 'ஜனங்களே சட்டசபையைத் தேர்ந்தெடுக்கின்றனர்; நியாயாதிபதியை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கலாகாது?' என்ற கேள்வி அங்கே எழுந்தது. மிஸிஸிப்பி ராஜ்யம் 1832-இல் தன் நியாயாதிபதிகள் அனைவரையும் தேர்தலாலேயே அமைத்தது. நியூயார்க் 1846-இல் தொடர்ந்தது. பின்னர்ப் பல ராஜ்யங்கள் அவ்வழியிற் சென்றன. கேட்குங்கால் இதனினும் ஜனநாயகமான முறை வேறில்லை என்றே தோன்றும். நடைமுறையோ வேறு. தேர்தலுக்குப் பணம் வேண்டும். பணத்தைக் கொடுப்பவர் கோர்ட்டுக்கு அடிக்கடி வருபவரே.

மேற்கு வர்ஜீனியாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒரு நிலக்கரிக் கம்பெனி மற்றொரு கம்பெனியைக் கெடுத்ததென்று ஜூரிகள் 5 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தனர். அப்பீல் வருவதற்கு முன், 2004-இல், ராஜ்யத்தின் உயர்ந்த கோர்ட்டுக்குத் தேர்தல் வந்தது. தோற்ற கம்பெனியின் தலைவர், பிரெண்ட் பெஞ்சமின் என்பவரின் வெற்றிக்காக ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவிட்டார். பெஞ்சமின் வென்றார். அப்பீல் வந்தது. விலகி நிற்கும்படி கேட்டும் அவர் விலகவில்லை. 2007-இல் மூவர்க்கு இருவர் என்ற கணக்கில் நஷ்டஈடு தள்ளுபடியாயிற்று; அம்மூவருள் அவர் ஒருவர். 2009-இல் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டு, அவர் அவ்வழக்கில் அமர்ந்தது முறையன்று என்று தீர்ப்பளித்தது. அதுவும் ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில்! பெஞ்சமின் நேர்மையோடுதான் தீர்ப்பளித்தாரோ என்னவோ. தோற்றவன் அதனை எங்ஙனம் நம்புவான்?

இத்தகைய கேடுகளைக் கண்டே மிஸௌரி ராஜ்யத்தார் 1940-இல் ஒரு நடுவழி கண்டனர். கான்ஸாஸ் நகரத்தில் டாம் பெண்டர்காஸ்ட் என்னும் கட்சித் தலைவரின் ஆதிக்கத்தால் அவர்கள் அனுபவித்த துன்பம் கொஞ்சமன்று. வக்கீல்களும் பொதுஜனங்களும் அடங்கிய கமிஷன் மூன்று பெயர்களைக் கூறும்; கவர்னர் ஒருவரை நியமிப்பார்; சில காலஞ் சென்றபின் 'இவர் நீடிக்கலாமா?' என்று மட்டும் ஜனங்கள் வோட்டளிப்பர். கலிபோர்னியாவிலும் அத்தகைய நீடிப்பு வோட்டு உண்டு. அங்கே 1986-இல் பிரதம நியாயாதிபதி ரோஸ் பேர்டு அம்மையாரும் உடனிருந்தோர் இருவரும், மரண தண்டனை வழக்குகளில் அவர்கள் அளித்த தீர்ப்புகளைக் காரணங்காட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். ஜனங்களின் கையும் நீக்கும் கையாகலாம் என்க. இவ்வளவும் தெரிந்திருந்தும் மெக்ஸிகோ தேசம் 2025 ஜூன் மாதத்தில் தன் ஸுப்ரீம் கோர்ட்டின் ஒன்பதின்மர் உட்பட ஏராளமான நியாயாதிபதிகளைத் தேர்தலால் அமைத்தது. வோட்டளிக்க வந்தவர் நூற்றுக்குப் பதின்மூவர் அளவே.

ஜப்பான் இதற்கு நேர்மாறு. மந்திரிசபை நியமித்த ஸுப்ரீம் கோர்ட்டு நியாயாதிபதிகளைப் பொதுத் தேர்தலின்போது ஜனங்கள் பரிசீலித்து நீக்கலாம் என்று அந்நாட்டு அரசியல் சட்டம் கூறுகின்றது. 1949-இல் தொடங்கிய இப்பரிசீலனையில் 2024 வரை நீக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. ஜெர்மனியர் ஹிட்லர் ஆட்சியிற் பட்ட துன்பத்தின்பின் வகுத்த முறை என் மனத்திற்கு மிகவும் உகந்தது. அவர்களுடைய அரசியல் சட்டக் கோர்ட்டின் பதினாறு நியாயாதிபதிகளுள் பாதிப்பேரை ஒரு சபையும், பாதிப்பேரை மற்றொரு சபையும் மூன்றில் இரண்டு பங்கு வோட்டால் தெரிந்தெடுக்கின்றன. ஒரு கட்சி தனித்து யாரையும் ஏற்றுதல் அரிது. பதவிக்காலம் 12 ஆண்டு. மறு நியமனம் இல்லை. ஆதலின் அமர்ந்தபின் யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டுவதில்லை.

இனி நம் தேசத்திற்கு வருவோம். 1949 மே 24-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் இவ்விஷயம் விவாதத்திற்கு வந்தது. பிரதம நியாயாதிபதியின் சம்மதம் பெற்றே நியமிக்க வேண்டும் என்றும், பார்லிமெண்டின் சம்மதம் வேண்டும் என்றும் திருத்தங்கள் வந்தன. டாக்டர் அம்பேத்கர் அவர்கள், இங்கிலாந்திற்போல் மந்திரிகளிடம் முழுவதும் விடுவதும் ஆபத்து, அமெரிக்காவிற்போல் சட்டசபையைக் கொணர்வதும் ஆபத்து என்று கூறி, ஜனாதிபதி நியாயாதிபதிகளைக் கலந்து நியமிக்கும் நடுவழியை ஆதரித்தார். பிரதம நியாயாதிபதியும் நம்மைப்போல் குறைபாடுள்ள மனிதரே. அவர் கையில் முழுத் தடையதிகாரத்தையும் கொடுத்தலாகாது என்பதும் அவர் கருத்து. ஓய்வுபெற்ற நியாயாதிபதி அரசாங்க உத்தியோகம் ஏற்கலாகாதென்று பேராசிரியர் கே. டி. ஷா கொணர்ந்த திருத்தத்தையும் அவர் ஒப்பவில்லை. கோர்ட்டுகளில் வருவன பெரும்பாலும் குடிகளுக்குள் நிகழும் வழக்குகளே, அரசாங்கத்திற்கு அவற்றிற் சம்பந்தம் மிகக் குறைவு என்றார். அன்றைக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைக்கோ, அரசாங்கம் கட்சியாக இல்லாத வழக்கைத் தேட வேண்டியிருக்கிறது.

நீக்கும் கை நம் அரசியல் சட்டத்தில் நன்றாகவே கட்டப்பட்டது. இரு சபைகளிலும் மொத்த அங்கத்தினரிற் பாதிக்குமேலும், வந்து வோட்டளித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 1993-இல் லோகசபையில் வந்த இத்தகைய தீர்மானம் ஒன்று, 205 பேர் வோட்டளியாமல் இருந்துவிட்டமையால் தோற்றது. ஆனால் கட்டப்படாத மூன்றாவது கை ஒன்று இருந்தது. அதுதான் உயர்த்தும் கை.

1973 ஏப்ரல் 24-ஆம் தேதி கேசவானந்த பாரதி வழக்கில், அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பைப் பார்லிமெண்டு மாற்றலாகாதென்று ஸுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறுநாளே, அதுவரை பிரதம நியாயாதிபதிப் பதவிக்கு அனுசரித்துவந்த மூப்பு முறை கைவிடப்பட்டது. முன்னின்ற ஷெலத், ஹெக்டே, குரோவர் ஆகிய மூவரையும் தாண்டி, அவ்வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய ஏ. என். ரே நியமிக்கப்பட்டார். மூவரும் ராஜினாமாச் செய்தனர். 1976-இல் அவசரநிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறைப்பட்டவன் கோர்ட்டை அணுகலாமா என்ற வழக்கில் அணுகலாகாதென்று நால்வர் கூற, எச். ஆர். கன்னா ஒருவரே மறுத்தெழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு உரிய பதவி அவருக்கு இளையவரான பேகுக்குச் சென்றது. கன்னாவும் ராஜினாமாச் செய்தார். கோக்கின் கதை 360 ஆண்டுகளுக்குப்பின் டெல்லியில் நிகழ்ந்ததென்றே சொல்லலாம். ஒரே வேற்றுமை, இங்கே ஒருவரையும் நீக்க வேண்டியிருக்கவில்லை; உயர்த்தாமல் விட்டதே போதுமாயிற்று.

இதனால் வெந்த மனத்தோடு ஸுப்ரீம் கோர்ட்டு தானே பரிகாரம் தேடிற்று. 1981-இல், கலந்துகொள்ளுதல் என்றால் சம்மதம் பெறுதல் அன்று என்று கூறியிருந்த அதே கோர்ட்டு, 1993-இல் ஒன்பதின்மர் கொண்ட பெஞ்சின் வாயிலாக அதனை மாற்றி, பிரதம நியாயாதிபதியின் அபிப்பிராயமே முதன்மை பெறும் என்றது. 1998-இல் பிரதம நியாயாதிபதியும் அடுத்த நால்வரும் கூடிய குழு வகுக்கப்பட்டது. இதுவே கொலீஜியம் எனப்படுவது. அரசியல் சட்டத்தில் இப்பெயர் இல்லை. நியாயாதிபதிகளே நியாயாதிபதிகளை நியமிக்கும் முறை மற்றை ஜனநாயகங்களில் அரிது. அம்பேத்கர் அவர்கள் அஞ்சி விலக்கியதை நெருங்கிய இடத்திற்கே நாம் வேறு அச்சத்தால் வந்து சேர்ந்தோம்.

2014-இல் பார்லிமெண்டு ஏறத்தாழ ஒருமனதாக ஒரு கமிஷனை ஏற்படுத்த அரசியல் சட்டத்தைத் திருத்தியது. நியாயாதிபதிகள் மூவர், சட்டமந்திரி, பெரியோர் இருவர் ஆக அறுவர். அப்பெரியோர் இருவருள் ஒருவர் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர், சிறுபான்மையோர், பெண்டிர் என்னும் வகுப்புகளுள் ஒன்றைச் சார்ந்தவராயிருக்க வேண்டும். எவரேனும் இருவர் மறுத்தால் சிபாரிசு நில்லாது. 2015 அக்டோபர் 16-ஆம் தேதி, நால்வர்க்கு ஒருவர் என்ற கணக்கில், இத்திருத்தம் செல்லாதென்று ஸுப்ரீம் கோர்ட்டு கூறியது. மாறுபட்ட ஒருவர் செலமேஸ்வர். கொலீஜியத்தின் வேலை வெளியார்க்குத் தெரியாதிருப்பதை அவர் கடுமையாகக் குறை கூறினார்.

இங்கே நம் போன்ற சங்கங்களுக்கு நேராகச் சம்பந்தமுள்ள ஒரு விஷயத்தைக் கூசாமல் சொல்லவேண்டும். ஒவ்வொரு நியமனத்தின்போதும், 'நம்மவர் உண்டா?' என்று பார்ப்பது வகுப்புச் சங்கங்களின் வழக்கம். இக்கேள்வி முற்றிலும் தவறன்று. குடியரசு ஏற்பட்டு முப்பதாண்டு சென்றபின், 1980-இல், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன் அவர்கள் நியமனம் பெற்றபோதே தாழ்த்தப்பட்ட மரபினர் ஒருவர் முதன்முதலாக ஸுப்ரீம் கோர்ட்டில் அமர்ந்தார். முதற் பெண்மணியான பாத்திமா பீவி அம்மையார் 1989-இற்றான் வந்தார். தகுதியுள்ளோர் அதுவரை பிறக்கவில்லை என்று யாரே சொல்வார்? தென்னாப்பிரிக்கா தன் 1996-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில், நியாயாதிபதிகளை நியமிக்குங்கால் தேசத்தின் இனக்கூறும் ஆண் பெண் கூறும் பிரதிபலிப்பதைக் கவனிக்க வேண்டும் என்றே எழுதிவைத்தது. அங்கே விண்ணப்பக்காரரைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டே தெரிந்தெடுக்கின்றனர். ஆனால் வந்தமர்ந்தவர் நமக்குக் கடன்பட்டவர் என்று நாம் எண்ணத் தொடங்கினால், நிலக்கரிக் கம்பெனிக்காரர் 30 லட்சம் டாலரால் வாங்க எண்ணியதை நாம் பாராட்டுக் கூட்டத்தாலும் பொன்னாடையாலும் வாங்க எண்ணியவராவோம். வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கிறதா என்று கேட்பது நம் உரிமை. உள்ளே சென்றவரைப் பின்தொடர்ந்து செல்வது அன்று.

வாயில் திறந்திருக்கிறதா என்பதை அறிய, உள்ளே நிகழ்வது சிறிதேனும் வெளியே தெரிய வேண்டும். 2017 அக்டோபர் 3-ஆம் தேதி கொலீஜியத்தார் தம் தீர்மானங்களைக் காரணத்தோடு பகிரங்கமாக வெளியிடுவதென்று முடிவு செய்தனர். அம்முடிவின்படி முதலில் வெளியானவற்றுள் நம் சென்னை ஹைக்கோர்ட்டைப் பற்றிய தீர்மானங்களும் இருந்தன. யார் சிபாரிசு செய்யப்பட்டார், யார் செய்யப்படவில்லை, ஏன் என்பன அவற்றில் எழுதப்பட்டிருந்தன. பின்வந்த ஆண்டுகளில் அக்காரணங்கள் சில வேளை ஓரிரு வரியாகச் சுருங்கின. சில வேளை மீண்டும் விரிந்தன. அவற்றை விரிக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை.